மிகுதியை நூலிற் காண்க



திரையரங்கு வாசலிற் சில சதங்களுக்கு விற்ற பாட்டுப் புத்தகத்தை நம்மில் மூத்தவர்கள் மறந்திருக்கமாட்டார்கள். மலிவுத் தாளில் அச்சிட்ட சில பக்கங்கள். நடிகர் பெயர்கள், கதைச்சுருக்கம், பாடல்கள். கதைச்சுருக்கம் முக்கியமான இடத்திலே நின்று, ‘மிகுதியை வெள்ளித்திரையிற் காண்க’ என்று முடியும். அச்செழுத்து வாசகனைத் திரைக்கு அனுப்பிவைத்தது. இன்று நாம் பேச எடுத்துக்கொண்ட சிறுநூல்கள் இதற்கு எதிர்த்திசையிற் செல்பவை. படத்தைப் பார்த்து முடித்தவரை நூலுக்கு அனுப்பிவைப்பவை. வீட்டிலிருந்து பார்ப்பதற்கென வெளியிடப்படும் திரைப்பட இறுவட்டுப் பெட்டிகளினுள்ளே இவற்றைக் காணலாம்.

இத்துறையிற் பெயர் பெற்றது அமெரிக்காவின் கிரைட்டீரியன் நிறுவனம். 1984 ஆம் ஆண்டு ‘சிட்டிசன் கேன்’ படத்தைப் பெரிய லேசர் தட்டில் வெளியிட்டுத் தொடங்கிய இந்நிறுவனம், 1998 முதல் டீ.வீ.டி. இறுவட்டுகளை வெளியிட்டு வருகின்றது. இதன் சிறுநூல்களில் நடிகர், கலைஞர் விபரம், ஒரு திறனாய்வுக் கட்டுரை, நெறியாளரின் எழுத்து அல்லது செவ்வி, படப்பிரதியைச் செப்பனிட்ட முறை பற்றிய குறிப்பு ஆகியன இடம்பெறுவது வழக்கம். இவை எல்லாம் பயனுள்ளவையே. எனினும் இலக்கிய வாசகருக்கு இவற்றினும் மேலான பயன் ஒன்றுண்டு. சில சிறுநூல்கள் படத்திற்கு மூலமான கதையையே முழுமையாக அச்சிட்டுத் தருகின்றன. மூன்று யப்பானியப் படங்களைக் கொண்டு இதனை விளக்கலாம்.

முதலாவது, அகிரா குரோசாவாவின் ‘ரஷோமொன்’. 1950 இல் வெளிவந்து, அடுத்த ஆண்டு வெனிஸ் விழாவிலே தங்கச் சிங்கம் விருதைப் பெற்ற படம். ஒரே கொலையைப் பலர் பலவிதமாகக் கூறும் கதை. பாடல்களே இல்லாமல் 1954 இல் வெளிவந்த எஸ். பாலச்சந்தரின் ‘அந்த நாள்’ பற்றிப் பேசுவோர் இப்படத்தையும் சேர்த்தே பேசுவர். பலர் இதனை அக்குதாகாவா ரியுனொசுக்கேயின் ‘ரஷோமொன்’ சிறுகதையின் திரைவடிவம் என்றே கருதுகின்றனர். இது பாதி உண்மை மாத்திரமே. இறுவட்டோடு வரும் சிறுநூலில் அக்குதாகாவாவின் இரண்டு கதைகள் உள்ளன. கொலையும் முரண்பட்ட வாக்குமூலங்களும் 1922 இல் வெளிவந்த ‘தோப்பினுள்ளே’ என்ற கதைக்கு உரியவை. 1915 இல் எழுதிய ‘ரஷோமொன்’ கதை தந்தவை படத்தின் பெயரும், பாழடைந்த நகரவாயிலும், கொட்டும் மழையுமே.

அப்படியானால் அந்த முதற் கதையின் கரு எங்கே போயிற்று? வேலையிழந்த பணியாள் ஒருவன் நகரவாயிலின் மேல்மாடத்திற்கு ஏறுகின்றான். அங்கே ஒரு கிழவி பிணங்களின் தலைமயிரைப் பிடுங்குகின்றாள். பொய்முடி செய்து விற்பதற்காம். செய்யாவிட்டாற் பட்டினி என்கின்றாள். அதே நியாயத்தை அவளுக்கே திருப்பிக் கூறி, அவளுடைய ஆடையைப் பறித்துக்கொண்டு அவன் இருளில் மறைகின்றான். இதனைப் படித்தபின் படத்தின் இறுதிக் காட்சியை மீண்டும் பாருங்கள். கைவிடப்பட்ட குழந்தையின் ஆடையை ஒருவன் உருவி, அதற்கும் ஒரு நியாயம் பேசுகின்றான் அல்லவா? அவன் அக்குதாகாவாவின் பணியாளே. கதையிலே கிழவிக்கு நேர்ந்தது படத்திலே குழந்தைக்கு நேர்கின்றது. கதை அந்தத் திருடனோடு முடிய, படமோ அக்குழந்தையை விறகுவெட்டியின் கையிலே கொடுத்து முடிகின்றது.

‘தோப்பினுள்ளே’ கதையிலே ஏழு வாக்குமூலங்கள் மாத்திரமே உள்ளன. கதைசொல்லி இல்லை, தீர்ப்பும் இல்லை. விறகுவெட்டி நேரிற் கண்டதாகக் கூறும் இறுதி விபரமும், குழந்தையும், அதனை அவன் ஏற்றுச் செல்வதும் படத்திற்கெனச் சேர்க்கப்பட்டவை. அக்குதாகாவா நம்மை இருளில் விட்டுச் செல்கின்றார். குரோசாவா ஒரு விளக்கைக் கையிலே தருகின்றார். எது சரி என்று சிறுநூல் தீர்ப்புக் கூறவில்லை. இரண்டையும் நம் முன்னே வைக்கின்றது, அவ்வளவே. அதனோடு குரோசாவாவின் தன்வரலாற்றிலிருந்து ஒரு பகுதியும் உண்டு. திரைக்கதை விளங்கவில்லை என்று உதவி நெறியாளர் மூவர் அவரிடம் வந்ததையும், தம்மைப் பற்றிப் பேசும்போது மனிதராற் புனையாமற் பேச இயலாது என்பதே கதை என அவர் விளக்கியதையும் அங்கே காணலாம்.

இரண்டாவது, மிசோகுச்சி கென்ஜியின் ‘உகெட்சு’ (1953). இதன் சிறுநூலில் மூன்று கதைகள். இரண்டு, 1776 இல் வெளிவந்த உயெடா அகினாரியின் பேய்க்கதைத் தொகுதியிலிருந்து எடுத்தவை. மூன்றாவது பிரெஞ்சு எழுத்தாளர் மாப்பசானுடையது! அரச விருதுப் பதக்கத்திற்கு ஏங்கும் ஒருவன், அது தன் மனைவியின் ஒழுக்கத்தை விலையாகக் கொண்டு வந்ததை உணராமலே மகிழும் அங்கதக் கதை. படத்திலே அவன் சாமுராய் ஆகத் துடிக்கும் குடியானவனாகின்றான். அவன் கைவிட்டுச் சென்ற மனைவி விலைமாதாகின்றாள். மாப்பசானிடம் நகைப்பாக இருந்தது மிசோகுச்சியிடம் துயரமாகிவிட்டது. மூலம் அருகில் இல்லாவிட்டால் இந்த மாற்றத்தை யார் அறிவார்?

மூன்றாவது, அவரே நெறிப்படுத்திய ‘சன்ஷோ’ (1954). அடிமைகளாக விற்கப்பட்ட அன்ஜு, சூஷியோ என்ற இரு பிள்ளைகளின் கதை. இதன் சிறுநூல் மோரி ஓகாய் 1915 இல் எழுதிய கதையையும், அதற்கு முந்திய வாய்மொழி வடிவத்தின் எழுத்துருவையும் சேர்த்தே தருகின்றது. வாய்மொழிக் கதையிலே கொடியவன் சன்ஷோ மூங்கில் அரத்தாற் கழுத்தறுபட்டுச் சாகின்றான். கேட்ட மக்களின் மனம் ஆறியிருக்கும். ஓகாய் அந்தப் பழிவாங்கலை நீக்கிவிட்டார். அவருடைய கதையில் அடிமை வாணிபம் தடைசெய்யப்பட, சன்ஷோ தன் ஆட்களுக்குக் கூலி கொடுக்கத் தொடங்கி முன்னிலும் செழிக்கின்றான். மிசோகுச்சியின் படத்திலோ சூஷியோ அடிமைகளை விடுவித்து, சன்ஷோவை நாடுகடத்திவிட்டுப் பதவியையும் துறக்கின்றான். ஓகாயின் கதையில் அன்ஜு மூத்தவள். தம்பியைத் தப்பவைத்துத் தான் இறக்கின்றாள். படத்திலே அவள் தங்கை. தமையனோ அடிமை வாழ்விலே மனம் மரத்துப் போனவன். ஒரே கதையை மூன்று காலங்கள் மூன்று விதமாகக் கேட்டிருக்கின்றன. சிலப்பதிகாரத்தையும் மட்டக்களப்புக் கண்ணகி வழக்குரையையும் அருகருகே வைத்துப் படித்தோர் இந்த இன்பத்தை அறிவர்.

இச்சிறுநூல்களிற் குறையே இல்லையா என்று கேட்கலாம். உண்டு. அவை ஆங்கிலத்தில் உள்ளவை, விலையும் கூடியவை. திறனாய்வாளரின் கட்டுரையை முதலிற் படித்தவர் படத்தைத் தம் கண்ணாற் பாராது அவர் கண்ணாற் பார்க்கும் ஆபத்தும் உண்டு. உரையை மனப்பாடம் செய்து பாட்டைத் தொடாது விடும் மாணவனின் நிலை அது. எனவே முதலிற் படம், பிறகு மூலக்கதை, மறுபடியும் படம், கட்டுரை கடைசியில் என்ற ஒழுங்கே நல்லது.

ஆயினும் பெரிய இழப்பு வேறு வழியிலே வருகின்றது. நம் கடைத்தெருக்களில் மலிந்திருந்த பிரதி இறுவட்டுகள் சிறுநூல் இன்றியே வந்தன. இன்று இணையவழி படம் பார்ப்போருக்குப் பெட்டியும் இல்லை, அதனுள்ளே தாளும் இல்லை. கட்டுரைகள் பல வெளியீட்டாளரின் இணையத்தளத்திற் கிடைக்கின்றன. மூலக்கதையைத் தேடிச் செல்வது பார்வையாளரின் பொறுப்பாகின்றது. தேட வேண்டியது ஒன்று உண்டு என்று தெரியாதவர் எப்படித் தேடுவார்? படம் மூலத்தை விழுங்கிவிடுவது இவ்வாறுதான். ‘ரஷோமொன்’ என்ற சொல் உலகெங்கும் வழங்குகின்றது. ‘தோப்பினுள்ளே’ கதையைப் படித்தவர் எத்தனை பேர்?

ஆகவே நூலகங்களுக்கு ஒரு வேண்டுகோள். இறுவட்டைப் பதிவேட்டில் ஏற்றும்போது சிறுநூலையும் தனி நூலாக ஏற்றுங்கள். தட்டு கீறுபட்டு ஓடாமற் போகலாம்; நூல் அப்போதும் வாசிக்கப்படும். தமிழ்ப் பட வெளியீட்டாளர்களுக்கும் ஒரு வேண்டுகோள். மகேந்திரனின் ‘உதிரிப்பூக்கள்’ (1979) புதுமைப்பித்தனின் ‘சிற்றன்னை’யைத் தழுவியது, அவ்விரண்டுக்கும் இடையிலுள்ள தூரமோ மிகப் பெரிது. புதுமைப்பித்தன் 1948 இல் மறைந்தவர். ஆசிரியர் மறைந்து அறுபது ஆண்டுகளின்பின் இந்தியாவிற் பதிப்புரிமை தீர்ந்துவிடுவதால், அக்குறுநாவலை அச்சிட்டுப் படத்தோடு சேர்ப்பதற்கு எவருடைய அனுமதியும் வேண்டியதில்லை. சில பத்துப் பக்கத் தாட்செலவே வேண்டும். அப்பக்கங்களின் முகப்பிலே, பழைய பாட்டுப் புத்தகத்தின் வரியைச் சற்றே திருப்பி, ‘மிகுதியை நூலிற் காண்க’ என்று போட்டுவிடலாம்.