எந்த லைன்?

பெங்களூரின் வடமேற்கில் பீன்யா இருக்கிறது. 1970-களில் உருவான பெரிய தொழிற்பேட்டை இது. லேத் பட்டறை, மோட்டார் சாமான் செய்யும் கம்பெனி, தையல் ஆலை என்று தெருவுக்குத் தெரு தொழிற்கூடங்கள். கன்னடம், தமிழ், தெலுங்கு, இந்தி என்று பல மொழி பேசுகிறவர்கள் இங்கே ஒன்றாக வேலை செய்கிறார்கள்.

இவர்கள் எல்லார் வாயிலும் வரும் சொல் ஒன்று உண்டு. அது ‘லைன்’. ஆங்கிலச் சொல். தமிழில் எழுதினால் இரண்டே எழுத்து. ஆனால் பொருள் ஒன்றல்ல. இடத்துக்கு இடம் மாறும். மாற்றிப் புரிந்துகொண்டால் வேலை கெடும். சில நேரம் உயிருக்கே ஆபத்து வரும்.

தையல் ஆலையில்

தையல் ஆலையில் ஒரு சட்டையை ஒருவரே முழுதாகத் தைப்பதில்லை. ஒருவர் காலர் வைப்பார். அடுத்தவர் கை வைப்பார். இன்னொருவர் பட்டன் தைப்பார். மெஷின்கள் வரிசையாக இருக்கும். துணி கைமாறிக் கைமாறிக் கடைசியில் சட்டையாகி வரும். இந்த வரிசைக்கு ‘லைன்’ என்று பெயர். “உனக்கு இன்றைக்கு ஏழாவது லைன்” என்றால், ஏழாவது மெஷின் வரிசையில் போய் உட்கார் என்று பொருள்.

கரண்ட் வேலையில்

மின்சாரக் கம்பிக்கும் லைன் என்றுதான் பெயர். கம்பத்தில் ஏறி வேலை செய்பவர் லைன்மேன். வீட்டுப் பிளக்கின் மூன்று முனைகளில் ஒன்றின் அருகே ‘எல்’ என்ற ஆங்கில எழுத்து இருக்கும். அது லைனைக் குறிக்கும். அதில்தான் கரண்ட் வருகிறது.

லைன்மேன் கம்பத்தில் ஏறுவதற்கு முன் ‘லைன் கிளியர்’ வாங்க வேண்டும். அந்தக் கம்பியில் கரண்டை நிறுத்தியாகிவிட்டது, வேலை முடியும்வரை திரும்ப விடமாட்டோம் என்று துணை மின்நிலையம் தரும் அனுமதி அது.

“லைன் நின்றுவிட்டது”

இப்போது யோசித்துப் பாருங்கள். ஆலையில் ஒருவர் “லைன் நின்றுவிட்டது” என்கிறார். துணி வரவில்லை, அதனால் தையல் நின்றுவிட்டது என்பது அவர் பொருள். மெஷின் ரிப்பேர் செய்பவர் காதில் அது வேறு மாதிரி விழுகிறது. கரண்ட் நின்றுவிட்டது என்று நினைத்து மோட்டாரைத் திறக்கிறார். அவர் கதி என்ன ஆகும்?

தையல் லைன் நின்றாலும் கரண்ட் லைன் நிற்பதில்லை. எனவே சொல்லை மட்டும் நம்பிக் கைவைக்கக் கூடாது. மெயின் சுவிட்சை அணைக்க வேண்டும். வேறு யாரும் போட்டுவிடாதபடி பூட்டோ அறிவிப்புப் பலகையோ மாட்ட வேண்டும். கரண்ட் இல்லை என்று சோதித்த பிறகே தொட வேண்டும்.

ரயிலும் போனும்

ரயில் பாதையும் லைன்தான். 2014 மார்ச் 1 அன்று பீன்யாவுக்கு மெட்ரோ ரயில் வந்தது. அந்தப் பாதைக்குப் பச்சை லைன் என்று பெயர். தண்டவாளம் பச்சையாக இருக்காது. ஒரு பாதையை இன்னொன்றிலிருந்து அடையாளம் காட்டவே நிறத்தின் பெயர்.

போனில் “லைன் பிஸி” என்றால், அவர் வேறு ஒருவரோடு பேசிக்கொண்டிருக்கிறார் என்று பொருள். பிள்ளைகளுக்கு ஆபத்து என்றால் 1098, பெண்களுக்கு உதவி வேண்டுமென்றால் 181. இந்த எண்களை ‘ஹெல்ப்லைன்’ என்கிறார்கள். தமிழில் உதவி எண் எனலாம்.

“லைனில் நில்லுங்கள்” என்றால் வரிசையில் நிற்க வேண்டும். “ஆன்லைனில் போடுங்கள்” என்றால் நிற்க வேண்டியதில்லை. போன் அல்லது கம்ப்யூட்டர் வழியாக இணையத்தில் பதிய வேண்டும். இந்த வித்தியாசம் தெரியாமல் அரைநாள் கூலியை இழந்து வரிசையில் நிற்பவர்கள் உண்டு.

குடியிருக்கும் லைன்

வேலை முடிந்து வீட்டுக்குப் போனாலும் இந்தச் சொல் விடாது. ஒரே கூரையின் கீழ் வரிசையாகக் கட்டிய வாடகை வீடுகளை ‘லைன் வீடு’ என்கிறோம். இலங்கை மலையகத்திலும் வால்பாறை, மூணாறு தேயிலைத் தோட்டங்களிலும் தொழிலாளர் குடியிருப்பு இப்படி வரிசையாகவே இருக்கும். அங்கே அதை ‘லயம்’, ‘லயன்’ என்பார்கள். இது சிங்கத்தைக் குறிக்கும் ‘லயன்’ அல்ல. வரிசை என்ற ‘லைன்’தான் தமிழர் வாயில் அப்படி ஆகிவிட்டது.

கண்ணுக்குத் தெரியாத கோடு

ரேஷன் கடையில் ‘பி.பி.எல். கார்டு’ என்று கேட்டிருப்பீர்கள். இதில் கடைசி எழுத்து ‘எல்’. அதுவும் லைன்தான். வறுமைக் கோட்டுக்குக் கீழே என்பது இதன் பொருள். இது தரையில் போட்ட கோடு அல்ல. அரசு கணக்குப் பார்த்துக் காகிதத்தில் போட்ட கோடு. ஆனால் ஒரு குடும்பம் இந்தக் கோட்டுக்கு மேலா, கீழா என்பதைப் பொறுத்தே ரேஷன் அரிசி கிடைக்கும்.

நூலில் பிறந்த சொல்

இத்தனை பொருளும் ஒரே சொல்லுக்கு எப்படி வந்தன? பழைய லத்தீன் மொழியில் ஆளிச் செடிக்கு ‘லினம்’ என்று பெயர். அதன் நாரில் திரித்த நூலுக்கு ‘லினியா’ என்று பெயர். ‘லினன்’ என்ற துணியின் பெயரும் ‘லைன்’ என்ற சொல்லும் இங்கிருந்துதான் வந்தன. நூலை இழுத்துப் பிடித்தால் நேராக நிற்கும். அதனால் நேரான கோடு, வரிசை, கம்பி, பாதை எல்லாமே லைன் ஆயின. நம் கொத்தனாரும் நூல் பிடித்துத்தானே சுவரை நேராக எழுப்புகிறார்!

பக்கத்துச் சொல்லைப் பாருங்கள்

தமிழிலும் இப்படிச் சொற்கள் உண்டு. ‘படி’ என்று சொல்லிப் பாருங்கள். பாடம் படி. மாடிப்படி. ஒரு படி அரிசி. சம்பளச் சீட்டில் பஞ்சப்படி. சொல் ஒன்று, பொருள் நான்கு. ஆனாலும் நாம் குழம்புவதில்லை. பக்கத்தில் உள்ள சொல் பொருளைக் காட்டிக் கொடுக்கிறது.

ஆங்கிலச் சொல்லுக்கும் இதே வழிதான். முன்னும் பின்னும் உள்ள சொற்களைப் பாருங்கள். யார், எங்கே நின்று சொல்கிறார் என்று பாருங்கள். அப்போதும் புரியாவிட்டால், “எந்த லைன்?” என்று கேட்டுவிடுங்கள். கேட்பதில் வெட்கம் இல்லை. கேட்காமல் கைவைப்பதில்தான் ஆபத்து.

பேசிப் பார்ப்போம்

1. நீங்கள் வேலை செய்யும் இடத்தில் ‘லைன்’ என்றால் என்ன பொருள்?
2. ‘சார்ஜ்’ என்ற சொல்லை எங்கெல்லாம் கேட்டிருக்கிறீர்கள்? ஒவ்வோர் இடத்திலும் பொருள் என்ன?
3. ‘அடி’ என்ற தமிழ்ச் சொல்லுக்கு எத்தனை பொருள் சொல்ல முடியும்?