பெஞ்சில் உட்கார்ந்தவர் பயிற்சியாளர் ஆன கதை

கூடைப்பந்து என்று சொன்னால் போதும், நம் பள்ளியில் எல்லாரும் மைக்கேல் ஜோர்டான் பெயரைத்தான் சொல்வார்கள். சரிதான், அவர் ராஜா. ஆனால் நான் எழுதப்போவது அதே டீமில் பெஞ்சில் உட்கார்ந்திருந்த ஒருவரைப் பற்றி. பெயர் ஸ்டீவ் கெர். நம் பள்ளி டீமில் நான் எட்டாவது ஆள். அதனால் பெஞ்சைப் பற்றி எழுத எனக்குக் கொஞ்சம் தகுதி உண்டு!

கோர்ட்டுக்குள் இறங்குவது ஐந்து பேர்தான், மீதிப் பேர் வெளியே. கெர் 1988 முதல் 2003 வரை 15 சீசன் அமெரிக்காவின் என்.பி.ஏ. போட்டிகளில் ஆடினார். மொத்தம் 910 ஆட்டங்கள். அதில் முதல் ஐந்து பேரில் ஒருவராக இறங்கியது வெறும் 30 ஆட்டங்களில்! மற்றதெல்லாம் நடுவில் கூப்பிட்டதும் எழுந்து ஓடியதுதான். 1988ல் அணிகள் வீரர்களைத் தேர்ந்தெடுத்தபோது இவர் பெயர் வந்தது 50வது இடத்தில். உயரம் 6 அடி 3 அங்குலம். நமக்கு அது பனைமரம், அங்கே அது குள்ளம்.

பிறகு எப்படி 15 வருஷம் தாக்குப் பிடித்தார்? ஒரே வித்தைதான், த்ரீ பாயிண்ட் ஷாட். கோட்டுக்கு வெளியே நின்று போட்டால் 3 புள்ளி, உள்ளே போட்டால் 2 என்பது எல்லாருக்கும் தெரியும். கெர் வெளியிலிருந்து போட்டதில் 45.4 சதவீதம் வளையத்துக்குள் போயிருக்கிறது. அதாவது 100 முறை எறிந்தால் 45 கூடை, 135 புள்ளி. கோட்டுக்கு உள்ளேயிருந்து 100 முறை எறிபவர் இதற்கு ஈடாக வேண்டுமென்றால் 68 கூடை போட வேண்டும். நீங்களே முயற்சி செய்து பாருங்கள், எவ்வளவு கஷ்டம் என்று தெரியும். ஒன்று சொல்லிவிட வேண்டும். 1994 முதல் 1997 வரை என்.பி.ஏ.வில் அந்தக் கோட்டைக் கொஞ்சம் கிட்டே கொண்டு வந்திருந்தார்கள். அது இவருக்கு உதவியது உண்மை. ஆனால் அந்தக் கோடு எல்லாருக்கும்தானே கிட்டே வந்தது?

இவர் சிரித்த முகம். பார்த்தால் கஷ்டமே தெரியாதவர் மாதிரி இருப்பார். அது தப்பு. 1965ல் லெபனான் நாட்டின் பெய்ரூட்டில் பிறந்தவர். அப்பா மால்கம் கெர் பேராசிரியர், பெய்ரூட் அமெரிக்கப் பல்கலைக்கழகத்தின் தலைவர். 1984 ஜனவரி 18 அன்று அவரைப் பல்கலைக்கழகத்திலேயே சுட்டுக் கொன்றுவிட்டார்கள். அப்போது மகன் அமெரிக்காவில் அரிசோனா பல்கலைக்கழகத்தில் முதலாமாண்டு மாணவர், வயது 18. இரண்டு நாள் கழித்து நடந்த மேட்சில் கண்ணீரோடு இறங்கி 12 புள்ளி எடுத்தார். நாமாக இருந்தால் வீட்டை விட்டே வெளியே வந்திருக்க மாட்டோம்.

1993ல் சிகாகோ புல்ஸ் அணிக்கு வந்தார். 1995ல் பயிற்சியின்போது ஜோர்டானோடு வாக்குவாதம் முற்றி, ஜோர்டான் இவர் முகத்தில் ஒரு குத்து விட்டார்! கெர் பயந்து ஒதுங்கவில்லை, திருப்பிச் சண்டைக்கு நின்றார். அன்றைக்கே ஜோர்டான் போன் போட்டு மன்னிப்புக் கேட்டார். அதன்பிறகு ஜோர்டான் இவரை நம்ப ஆரம்பித்தார். அந்த நம்பிக்கை 1997 இறுதிப் போட்டியின் 6வது ஆட்டத்தில் தெரிந்தது. எதிரணி யூட்டா ஜாஸ். ஸ்கோர் 86க்கு 86, நேரம் முடியப் போகிறது. பந்து ஜோர்டானிடம். உலகமே அவர்தான் எறிவார் என்று பார்த்துக்கொண்டிருக்க, இரண்டு பேர் அவரை மடக்கினார்கள். அவர் பந்தைக் கெர் பக்கம் தள்ளினார். கெர் எறிந்தார், விழுந்தது. கோப்பை சிகாகோவுக்கு!

2003ல் சான் அன்டோனியோ ஸ்பர்ஸ் அணியிலும் இதே கதைதான். டல்லாஸுக்கு எதிரான முக்கியமான ஆட்டம், அணி பின்தங்கிக் கிடந்தது. பல நாளாகச் சரியாக ஆடவே வாய்ப்புக் கிடைக்காத 37 வயது கெரைக் கூப்பிட்டார்கள். நாலு த்ரீ பாயிண்டர் எறிந்தார். நாலும் உள்ளே! ஆறிப்போன உடம்போடு எழுந்துபோய் இப்படி எறிவது லேசான விஷயம் இல்லை. அது பெஞ்சில் உட்கார்ந்தவர்களுக்குத்தான் தெரியும். சிகாகோவில் மூன்று, ஸ்பர்ஸில் இரண்டு என ஆட்டக்காரராக ஐந்து கோப்பைகளோடு ஓய்வு பெற்றார்.

இனி பயிற்சியாளர் கதை. பெஞ்சில் இருப்பவர் என்ன செய்வார்? பார்ப்பார். கெர் பார்த்தது ஃபில் ஜாக்சன், கிரெக் பாப்போவிச் என்ற இரண்டு மாபெரும் பயிற்சியாளர்களை, அதுவும் பக்கத்திலேயே உட்கார்ந்து. 2014ல் கோல்டன் ஸ்டேட் வாரியர்ஸ் அணிக்குத் தலைமைப் பயிற்சியாளர் ஆனார். அதற்கு முன் எந்த அணிக்கும் பயிற்சி கொடுத்ததே இல்லை.

வந்ததும் முதலில் கவனித்தது பாஸை. ஸ்டீபன் கரி போன்ற சூரர்கள் இருந்தும், முந்தைய சீசனில் மிகக் குறைவாகப் பாஸ் கொடுத்த அணி அதுதான். ஒரு ஆட்டத்துக்கு 300 பாஸ் வேண்டும் என்றார். ஒருத்தர் பந்தைத் தட்டிக்கொண்டே நிற்க, மற்ற நாலு பேர் வேடிக்கை பார்த்தால் தடுப்பவருக்கு வேலை சுலபம். பந்து கை மாறிக்கொண்டே இருந்தால் அவர் திரும்புவதற்குள் யாராவது தனியாக நிற்பார்.

அடுத்தது பெரிய சோதனை. ஆண்ட்ரே இகுடாலா என்ற வீரர் அதுவரை ஆடிய எல்லா ஆட்டத்திலும் முதல் ஐவரில் இறங்கியவர். அவரைக் கூப்பிட்டு, ‘நீங்கள் பெஞ்சில் இருங்கள்’ என்றார் கெர். வேறு யார் சொல்லியிருந்தாலும் சண்டை வந்திருக்கும் என்பது என் அபிப்பிராயம். சொன்னவர் 880 ஆட்டம் பெஞ்சிலிருந்து எழுந்து வந்தவர் ஆயிற்றே!

2015 இறுதிப் போட்டியில் கிளீவ்லேண்டிடம் 1க்கு 2 எனப் பின்தங்கியபோது, நிக் யூரன் என்ற 28 வயது உதவியாளர் ஒரு யோசனை சொன்னார். உயரமான ஆண்ட்ரூ போகட்டை உட்கார வைத்துவிட்டு இகுடாலாவை முதலிலேயே இறக்கலாம் என்றார். ‘சின்னப் பையன், உனக்கென்ன தெரியும்’ என்று கெர் சொல்லவில்லை. மாற்றினார். அடுத்த மூன்று ஆட்டமும் வெற்றி, கோப்பை, இகுடாலாவுக்குச் சிறந்த வீரர் விருது. யோசனை யாருடையது என்பதையும் பத்திரிகைக்காரர்களிடம் பெயர் சொல்லியே சொன்னார். (மேட்சுக்கு முன் மாற்றமே இல்லை என்று அவர்களிடம் பொய் சொன்னது தனிக்கதை!)

எல்லாமே வெற்றி இல்லை. 2016ல் 73 ஆட்டம் ஜெயித்துச் சாதனை படைத்துவிட்டு, இறுதிப் போட்டியில் 3க்கு 1 முன்னிலையில் இருந்து கோட்டை விட்டார்கள். 2017, 2018ல் கோப்பை. 2020ல் 15 வெற்றி, 50 தோல்வி, கடைசி இடம். 2022ல் மறுபடியும் கோப்பை. 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் அமெரிக்க ஆண்கள் அணி தங்கம் வென்றபோதும் பயிற்சியாளர் இவரே.

எனக்கு ரொம்பப் பிடித்தது 2018 பிப்ரவரியில் பீனிக்ஸ் அணியோடு நடந்த ஆட்டம். தம் பேச்சைக் கேட்டுக் கேட்டு வீரர்களுக்கு அலுத்துவிட்டது என்று கெருக்குத் தோன்றியது. டைம் அவுட்டில் படம் வரையும் பலகையை வீரர்கள் கையிலேயே கொடுத்துவிட்டார். இகுடாலா, டிரேமண்ட் கிரீன் எல்லாம் மாறி மாறி வரைந்தார்கள். கெர் சும்மா இருந்தார். ஸ்கோர் 129க்கு 83, வாரியர்ஸ் வெற்றி.