துருவக் கடலில் துணை

கடற்பயணம் செய்வோர்க்குக் காற்றும் அலையும் பகை என்பதை நாம் அறிவோம். துருவக் கடலிலோ அவற்றுடன் பனியும் சேர்ந்துகொள்கிறது. மிதக்கும் பனிக்கட்டி கப்பலின் பக்கத்தைக் கிழித்துவிடும். தெறிக்கும் நீர் மேல்தளத்திலேயே உறைந்து, பாரம் ஏறி, கப்பலைக் கவிழ்த்துவிடுதலும் உண்டு. காந்தத் திசைகாட்டி அங்கே தடுமாறும். எல்லாவற்றினும் கொடிது தொலைவே. அபயக்குரல் எழுப்பினாலும் வந்து சேர்வதற்கு அருகில் ஆள் இராது. ஆகவே, அங்கே பாதுகாப்பு என்பது ஒரு கப்பலின் வலிமை மட்டும் அன்று. பல நாடுகள் முன்கூட்டியே கூடிச் செய்துகொள்ளும் ஏற்பாடு என்று நான் கருதுகிறேன். இதனை மூன்று கப்பல்களின் வரலாற்றால் விளக்குவேன்.

முதலாவது, எல்லோரும் அறிந்த டைட்டானிக். 1912 ஏப்ரலில் வட அட்லாண்டிக் கடலில் பனிப்பாறை மோதி அது மூழ்கியபோது 1,500க்கும் மேற்பட்டோர் மாண்டனர். அண்மையில் நின்ற ஒரு கப்பலின் கம்பியில்லாத் தந்திப் பணியாளர் அவ்வேளை உறங்கச் சென்றிருந்தார். இத்துயரத்தின் பயனாக 1914இல் லண்டனில் பல நாட்டினர் கூடிக் கடலில் உயிர்காப்புக்கான உடன்படிக்கை ஒன்றை வகுத்தனர். பனிப்பாறைகளைக் கண்காணிக்கும் பணியை அமெரிக்கா நடத்துவது, செலவை நாடுகள் பகிர்ந்துகொள்வது என்ற முறையும் அப்போது தோன்றியதே.

இரண்டாவது, ஹான்ஸ் ஹெட்டாஃப்ட் என்னும் டென்மார்க் நாட்டுக் கப்பல். பனிக்கடலுக்கென்றே இரட்டை அடித்தளத்துடன் கட்டப்பட்டது. 1959 ஜனவரி 30 அன்று, தன் முதற்பயணத்தின் திரும்பு வழியில், கிரீன்லாந்தின் தென்முனைக்கு அருகே பனிப்பாறையில் மோதியது. கப்பலில் இருந்த 95 பேரில் ஒருவரும் பிழைக்கவில்லை. சில மாதங்களுக்குப் பின் ஐஸ்லாந்துக் கரையில் ஒதுங்கிய ஒரு மிதவை வளையமே அதன் எச்சமாயிற்று. உறுதியான கட்டுமானம் மட்டும் போதாது என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமோ?

மூன்றாவது, எக்ஸ்ப்ளோரர் என்னும் சுற்றுலாக் கப்பல். 2007 நவம்பர் 23 அன்று அண்டார்க்டிக்காவை ஒட்டிய தென் ஷெட்லாந்துத் தீவுகளருகே பனியில் அடிபட்டு மூழ்கியது. அதில் இருந்த 154 பேர் கூரையற்ற படகுகளில் பல மணி நேரம் குளிரில் காத்திருந்தனர். நார்வே நாட்டுக் கப்பலொன்று வந்து அனைவரையும் ஏற்றிக்கொண்டது. லைபீரியக் கொடி பறந்த கப்பல், மீட்டவர் நார்வேயர், கரையில் இடமளித்தவை சிலி, உருகுவே நாடுகளின் முகாம்கள். அன்று கடல் அமைதியாக இருந்ததும், உதவிக் கப்பல் எட்டும் தொலைவில் இருந்ததும் நற்பேறு. நற்பேற்றை நம்பிப் பயணம் செய்தல் தகுமோ?

அந்த நற்பேற்றைக் கடமையாக மாற்றும் முயற்சியே 2017 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்த துருவக் கடல் விதித்தொகுப்பு. இதனை ஐக்கிய நாடுகளின் சார்பான சர்வதேசக் கடல்சார் அமைப்பு வகுத்தது. கப்பல் எவ்வளவு பனியைத் தாங்கும் என்பதற்குச் சான்றிதழ் வேண்டும். கப்பல் தலைவருக்குத் தனிப்பயிற்சி வேண்டும். உயிர்காப்புப் படகுகள் முழுவதுமாகவோ பகுதியாகவோ மூடப்பட்டிருக்க வேண்டும். எல்லாவற்றினும் என் மனத்தைத் தொடுவது ஒரு விதி: உதவி வந்து சேர ஆகும் காலத்தை ஐந்து நாளுக்குக் குறையாமல் கணக்கிட்டு, அதுவரை உயிர் தாங்கும் சாதனங்களை வைத்திருக்க வேண்டும்.

விதி வகுப்பதோடு நாடுகள் நின்றுவிடவில்லை. 2011இல் கிரீன்லாந்தின் நூக் நகரில் வடதுருவத்தைச் சூழ்ந்த எட்டு நாடுகள் மீட்புப் பொறுப்பைப் பகுதி பகுதியாகப் பங்கிட்டுக்கொண்டன. தென்துருவக் கடலில் அர்ஜெந்தினா, சிலி, தென்னாப்பிரிக்கா, ஆஸ்திரேலியா, நியூசிலாந்து ஆகிய ஐந்தும் அப்பொறுப்பை ஏற்றுள்ளன.

எனினும் குறை இல்லாமலில்லை. மீன்பிடிக் கப்பல்கள் தொடக்கத்தில் விதித்தொகுப்பின் எல்லைக்கு வெளியே விடப்பட்டன. 2023இல் செய்த திருத்தத்தின்படி, 24 மீட்டரும் அதற்கு மேலும் நீளமுள்ள மீன்பிடிக் கப்பல்களுக்கு, கப்பலோட்டமும் பயணத் திட்டமும் பற்றிய விதிகள் 2026 ஜனவரி 1 முதல் பொருந்தும். மற்ற விதிகள் அவற்றுக்கு இன்னும் வரவில்லை. வலை வீசும் ஏழை மாலுமியின் உயிரும் சுற்றுலாப் பயணியின் உயிரும் ஒரே விலையுடையன அல்லவா? விபத்து நேர்ந்தபின் விதி செய்வதே இதுகாறும் உலக வழக்கம். இந்த ஒன்றிலேனும் விபத்துக்கு முன்னரே நாடுகள் கூடிச் செயலாற்றுமாயின், அதுவே துருவக் கடலில் மனிதனுக்கு உற்ற துணை ஆகும்.