உங்களுக்குத் தெரியுமா? மலையடியில் சைக்கிள்

மலைச் சைக்கிள் தடங்களுக்குப் பல நாடுகளில் நிறம் உண்டு: பச்சை எளிது, நீலம் நடுத்தரம், கறுப்பு கடினம். மதுரையில் அப்படிப் பலகை கிடையாது; மண்ணைப் பார்த்து நாமே பிரித்துக்கொள்ள வேண்டியதுதான். பெடல் பழகும் வாண்டுகளுக்குக் கீழக்குயில்குடி போதும். சமணர் மலையடியில் ஆலமர நிழல், தாமரைக் குளம், அய்யனார் கோயில் என எல்லாம் சமதளம். மலையேற வெட்டிய படிகள் நடப்பதற்கு. சைக்கிளைக் கீழேயே நிறுத்துங்கள்.

கொஞ்சம் தேறியவர்களுக்கு மேலூர்ப் பக்கம் அரிட்டாபட்டி. 2022-இல் தமிழகத்தின் முதல் பல்லுயிர் பாரம்பரியத் தலமான இடம், 193.42 ஹெக்டேர். ஏழு குன்றுகள், கண்மாய்கள், தமிழிக் கல்வெட்டு. அண்ணாந்தால் லகர் வல்லூறுகூடத் தென்படலாம். பாறை வழுக்கும், அது கிடக்கட்டும். இங்கே உண்மையான எதிரி சீமைக் கருவேல முள். பஞ்சர் ஒட்டும் பசை இல்லாமல் கிளம்பாதீர்கள்!