30 கி.மீ உயரம் போன பலூன். தொலைவது கடைசி ஒரு கி.மீட்டரில்! கண்டுபிடிக்க உதவும் ‘ஹாம் ரேடியோ’

2013 ஜூன். அமெரிக்காவின் அரிசோனா மாநிலம். ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக மாணவர்கள் சிலர், ஒரு பலூனில் கேமராவையும் செல்போனையும் கட்டி வானில் விட்டார்கள். சுமார் 30 கி.மீ உயரம் வரை போன அந்த பலூன், கிராண்ட் கேன்யனை மேலிருந்து படம்பிடித்தது. திட்டம் சிம்பிள்தான்: பெட்டி தரையிறங்கியதும் போன் தன் இருப்பிடத்தை மெசேஜாக அனுப்பும், போய் எடுத்துக்கொள்ளலாம்.

மெசேஜ் வரவே இல்லை. பெட்டி விழுந்த இடத்தில் டவர் சிக்னல் கிடையாது. இரண்டு ஆண்டுகள் கழித்து, அந்தப் பக்கம் நடைப்பயணம் போன ஒரு பெண் தற்செயலாக அதைக் கண்டெடுத்தார். அவர் ஒரு செல்போன் நிறுவனத்தின் ஊழியர். சிம் கார்டை வைத்து உரியவர்களைக் கண்டுபிடித்தார்கள். 2015-ல் அந்த வீடியோ உலகம் முழுக்க வைரலானது.

அந்தக் குழுவுக்கு அதிர்ஷ்டம் இருந்தது. அதிர்ஷ்டத்தை நம்ப முடியாத மற்ற மாணவர் குழுக்கள் நம்புவது ‘ஹாம்’ எனப்படும் அமெச்சூர் ரேடியோ ஆர்வலர்களை.

பலூன் எப்படிப் பறக்கிறது?

ஹீலியமோ ஹைட்ரஜனோ நிரப்பிய ரப்பர் பலூன், அதன் கீழே ஒரு பாராசூட், அதற்கும் கீழே ஒரு தெர்மாகோல் பெட்டி. அவ்வளவுதான் அமைப்பு. விநாடிக்குச் சுமார் 5 மீட்டர் வேகத்தில் ஏறினால், 30 கி.மீ உயரத்தைத் தொட 100 நிமிடங்கள் ஆகும். அங்கே காற்றழுத்தம் தரையில் இருப்பதில் ஏறக்குறைய நூறில் ஒரு பங்கு. அழுத்தம் குறையக் குறைய பலூன் விரிந்துகொண்டே போய், ஒரு கட்டத்தில் வெடிக்கும். பெட்டி பாராசூட்டில் இறங்கும். இதற்குள் காற்று அதைப் பல கிலோமீட்டர் தள்ளிக்கொண்டு போயிருக்கும்.

கையில போன் இருக்கு, ரேடியோ எதுக்கு?

செல்போன் டவர்கள் தரையில் இருப்பவர்களுக்காக அமைக்கப்பட்டவை. மேலே போகப் போக போன் பயன்படாது. கீழே விழும் இடமோ பெரும்பாலும் காடு, மலை, வயல். சட்டச் சிக்கலும் உண்டு. பலூன் உட்பட வானில் பறக்கும் எதிலும் செல்போனை இயக்க அமெரிக்க விதிகள் தடை விதிக்கின்றன.

ரேடியோவுக்கு உயரம் ஒரு வரம். 30 கி.மீ உயரத்தில் இருக்கும் டிரான்ஸ்மிட்டருக்குச் சுற்றிலும் 600 கி.மீ வரை தரை ‘தெரியும்’. நடுவில் மலையோ கட்டடமோ மறைக்காததால், மிகக் குறைந்த சக்தியே போதும். பிரிட்டனில் உரிமம் தேவைப்படாத 434 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசையில், வெறும் 10 மில்லிவாட் சக்தியில் அனுப்பிய சிக்னலையே நூற்றுக்கணக்கான கி.மீ தள்ளி இருந்தவர்கள் பிடித்திருக்கிறார்கள்.

இருப்பிடம் எப்படித் தெரிகிறது?

அமெரிக்காவில் அதிகம் பயன்படுவது ஏ.பி.ஆர்.எஸ் என்ற முறை. அமெரிக்கக் கடற்படை அகாடமியில் பணியாற்றிய பாப் புரூனிங்கா உருவாக்கியது. பெட்டியில் உள்ள கருவி, ஜி.பி.எஸ் தரும் இடம், உயரம் ஆகியவற்றைச் சின்னத் தகவல் பொட்டலங்களாக 144.390 மெகாஹெர்ட்ஸில் அனுப்பிக்கொண்டே இருக்கும். வழியில் இணையத்தோடு இணைக்கப்பட்ட ஹாம் ஸ்டேஷன் எது அதைக் கேட்டாலும் தானாகவே இணையத்துக்கு அனுப்பிவிடும். மாணவர்கள் போனில் மேப்பைத் திறந்தால் பலூன் நகர்வது தெரியும்.

ஹாம் ரேடியோவில் தகவலை ரகசியக் குறியீட்டில் மறைக்கக் கூடாது, வணிகத்துக்குப் பயன்படுத்தக் கூடாது. அதனால்தான் முன்பின் தெரியாத ஒருவர்கூடக் கேட்டு உதவ முடிகிறது.

ஜி.பி.எஸ்ஸிலும் கவனம் வேண்டும். ஏவுகணைகளில் பயன்படுத்துவதைத் தடுக்க வந்த கட்டுப்பாட்டால், சில ரிசீவர்கள் 18 கி.மீ உயரத்தைத் தாண்டினால் வேலை செய்யாது. சிலவற்றில் ‘விமான மோடு’ என்ற செட்டிங்கைத் தேர்வு செய்தால்தான் அதற்கு மேலும் இடம் காட்டும். இதைச் சரிபார்க்காமல் விட்டால், பலூன் பாதி வழியிலேயே மேப்பிலிருந்து காணாமல் போகும்.

எங்கே விழும்னு முன்னாடியே தெரியுமா?

ஓரளவு தெரியும். கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழக மாணவர்கள் உருவாக்கிய கணிப்பு மென்பொருள் ஒன்று இருக்கிறது. ஏறும் வேகம், வெடிக்கும் உயரம், இறங்கும் வேகம் ஆகியவற்றைக் கொடுத்தால், அமெரிக்க வானிலை அமைப்பின் காற்றுத் தரவுகளை வைத்து விழும் இடத்தைக் காட்டும். ஏரியிலோ நகரத்திலோ விழும் என்று காட்டினால், பலூன் விடும் நாளைத் தள்ளிவைப்பதுதான் புத்திசாலித்தனம்.

கடைசி ஒரு கிலோமீட்டர்

உண்மையான சவால் இங்கேதான். மேலே 600 கி.மீ எட்டிய அதே சிக்னல், பெட்டி புதருக்குள் விழுந்ததும் ஒன்றிரண்டு கி.மீட்டரில் அடங்கிவிடும். தொலைவில் உள்ள ஸ்டேஷன்கள், பெட்டி தரையைத் தொடும் முன்பே அதை இழந்துவிடும். 500 மீட்டர் உயரத்தில் சிக்னல் போனது என்று வைத்துக்கொள்வோம். விநாடிக்கு 5 மீட்டர் வேகத்தில் இறங்க இன்னும் 100 விநாடி ஆகும். அதற்குள் விநாடிக்கு 10 மீட்டர் வேகக் காற்று பெட்டியை ஒரு கி.மீ தள்ளிவிடும். மேப்பில் தெரியும் கடைசிப் புள்ளிக்குப் போனால் அங்கே ஒன்றும் இருக்காது.

அதனால்தான் கூரையில் ஆன்டெனா பொருத்திய கார்களில் ஹாம்கள் பலூனைத் துரத்துகிறார்கள். எவ்வளவு கிட்டே இருக்கிறார்களோ, அவ்வளவு தாழ்வான உயரம் வரை சிக்னல் கேட்கும். பிறகு நடை. பிவிசி பைப்பில் இரும்பு அளவு டேப் துண்டுகளைப் பொருத்தி, வீட்டிலேயே செய்த ‘யாகி’ ஆன்டெனா கையில் இருக்கும். அதைச் சுற்றித் திருப்பி, சிக்னல் பலமாக வரும் திசையைக் குறித்துக்கொள்வார்கள். வேறொரு இடத்திலிருந்து மறுபடியும் அதேபோல் பார்ப்பார்கள். இரண்டு கோடுகளும் வெட்டும் இடத்தில் பெட்டி. மரத்தில் சிக்கியிருந்தால் நீண்ட கம்பு வேண்டும். தனியார் நிலம் என்றால் உரிமையாளரிடம் அனுமதி வேண்டும். மின்கம்பியில் தொங்கினால் தொடவே கூடாது.

இவ்வளவு மெனக்கெடணுமா?

ஏ.பி.ஆர்.எஸ் வழக்கமாக விநாடிக்கு 1,200 பிட் வேகத்தில்தான் தகவல் அனுப்பும். 3 எம்.பி அளவுள்ள ஒரே ஒரு போட்டோவை இப்படி அனுப்ப ஐந்தரை மணி நேரத்துக்கு மேல் ஆகும். பயணமே மூன்று மணி நேரத்துக்குள் முடிந்துவிடும்! ஆக, தெளிவான படங்களும் முழுமையான அளவீடுகளும் பெட்டிக்குள் இருக்கும் மெமரி கார்டில்தான் இருக்கின்றன. பெட்டி தொலைந்தால் பல மாத உழைப்பும் போச்சு.

2023 அக்டோபர், 2024 ஏப்ரல் சூரிய கிரகணங்களின்போது, நாசா ஆதரவுடன் நடந்த திட்டத்தில் அமெரிக்காவின் 75 கல்வி நிறுவனங்களைச் சேர்ந்த 750-க்கும் மேற்பட்ட மாணவர்கள் பலூன்களை விட்டார்கள். கிரகணம் காத்திருக்காது. அன்று தொலைத்த பதிவை மறுநாள் போய் எடுக்க முடியாது.

நம்ம ஊரில்?

இந்தியாவில் 12 வயது நிறைந்தவர்கள் தொலைத்தொடர்புத் துறையின் தேர்வு எழுதி ஹாம் உரிமம் பெறலாம். ஆனால் பலூன் விட அது மட்டும் போதாது. வான்வழிப் போக்குவரத்து அதிகாரிகளின் அனுமதியும் தேவை. 2021 பிப்ரவரியில் ராமேஸ்வரத்திலிருந்து, மாணவர்கள் செய்த 100 குட்டிச் செயற்கைக்கோள்கள் பலூனில் அனுப்பப்பட்டன. கடலோரத்தில் விடுபவர்களுக்குக் காற்றின் திசை இன்னும் முக்கியம். கடலில் விழுந்தால் எந்த ஆன்டெனாவும் உதவாது.

வானிலைத் துறையும் சென்னை, காரைக்கால் போன்ற இடங்களிலிருந்து இதேபோன்ற பலூன்களை விடுகிறது. எனவே வயலில் கிழிந்த ரப்பரும் சின்னப் பெட்டியும் கிடந்தால், அது மர்மப் பொருள்தான் என்று முடிவு கட்ட வேண்டாம். பிரித்துப் பார்க்காமல் காவல் துறைக்குச் சொல்லலாம். பெட்டி மீது போன் நம்பர் எழுதியிருந்தால் ஒரு கால் போடலாம். அந்தப் பக்கம் யாரோ சில மாணவர்கள் அந்த அழைப்புக்காகத்தான் காத்துக்கொண்டிருப்பார்கள்.