நித்தியகல்யாணியும் கலங்களின் சாவும்

கண்டியிலிருந்து பேராதனைத் தாவரவியற் பூங்காவுக்குச் செல்வோர் அங்குள்ள பனை வரிசைகளையும் ஓர்க்கிட் மலர்களையும் கண்டு வியப்பர். வழியிலுள்ள வீட்டு முற்றங்களில் ஆண்டு முழுவதும் பூத்து நிற்கும் நித்தியகல்யாணியை எவரும் நின்று பார்ப்பதில்லை. மடகஸ்கார்த் தீவிலிருந்து வந்து நம் மண்ணிற் பழகிவிட்ட அச்செடியே புற்றுநோய் மருத்துவத்துக்குப் பெருங்கொடை அளித்தது.

அதன் இலை நீரிழிவைத் தணிக்கும் என்பது பல நாட்டு மக்களின் நம்பிக்கை. அதனைச் சோதிக்க முற்பட்ட கனடிய அறிஞர்களான றொபேட் நோபிள், சாள்ஸ் பியர் ஆகியோர் யமேக்காவிலிருந்து வந்த இலைச்சாற்றை எலிகளுக்கு ஏற்றினர். சர்க்கரை குறையவில்லை, குருதியின் வெண்கலங்களே குறைந்தன. ஒன்றைத் தேடப்போய் வேறொன்றைக் கண்ட கதைதான். அதன் பயனாக 1958 ஆம் ஆண்டில் வின்பிளாஸ்ரின் என்னும் மருந்து வெளிப்பட்டது.

இம்மருந்து கலத்தை எவ்வாறு கொல்கிறது? நேயர்கள் முதலில் ஓர் உண்மையை மனத்திற் கொள்ளல் வேண்டும். நம் உடலில் நாள்தோறும் எண்ணற்ற கலங்கள் தாமாகவே ஒழுங்காக மடிகின்றன. 1972 இல் கெர், வைலி, கறி என்னும் மூவர் இதனை விளக்கி, இலையுதிர்வைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லையே அதற்குப் பெயராக இட்டனர். சிதைவுற்ற கலம் தன்னுள் உறங்கும் கஸ்பேசு என்னும் நொதியங்களை எழுப்பி, தன்னைத்தானே துண்டாக்கிக்கொள்கிறது. அயற்கலங்கள் அத்துண்டுகளை விழுங்கிவிடுகின்றன. வீக்கமில்லை, புண்ணில்லை. புற்றுக்கலமோ சாகவேண்டிய வேளையிற் சாக மறுக்கும் கலம். சாவுக்கு ஆணையிடும் பி-53 என்னும் புரதம் சுவாசப்பைப் புற்றுநோயிற் பெரும்பாலும் பழுதுற்றிருக்கும்.

ஒரு கலம் இரண்டாகப் பிரியும்போது அதன் நிறமூர்த்தங்களை இருபுறமும் இழுத்துச் செல்வன நுண்ணிய குழாய்கள். நித்தியகல்யாணியின் மருந்து அக்குழாய்கள் உருவாவதைத் தடுக்கிறது. பிரிவின் நடுவே சிக்கித் திகைத்து நிற்கும் கலம் ஈற்றில் மடிகிறது. இதன் வழிவந்த வினொரெல்பின் என்னும் மருந்து 1994 இல் அமெரிக்காவில் சுவாசப்பைப் புற்றுநோய்க்கு அனுமதி பெற்றது.

நம் நாட்டிலும் முயற்சி இல்லாமலில்லை. கருஞ்சீரகம், நன்னாரி வேர், பறங்கிப்பட்டை இனக் கிழங்கு ஆகிய மூன்றும் சேர்ந்த பரம்பரை மருந்தொன்றின் சாறு சுவாசப்பைப் புற்றுக்கலங்களை இவ்வாறே மடியச் செய்வதைக் கொழும்புப் பல்கலைக்கழக ஆய்வாளர் 2020 இல் வெளியிட்டனர்.

எனினும் அது கண்ணாடிக் கிண்ணத்தில் வளர்த்த கலங்களிற் கண்ட முடிவு. கிண்ணத்திற் சாறு கலத்தை நேரே தொடுகிறது. குடித்த கசாயமோ குடலைக் கடந்து, ஈரலில் மாற்றமுற்று, குருதியிற் கலந்து, அதன் பின்னரே சுவாசப்பையை எட்டவேண்டும். மஞ்சளின் குர்குமின் கிண்ணத்திற் பல புற்றுக்கலங்களை வீழ்த்தியும், உண்டபோது மிகச் சிறிதளவே குருதியிற் சேர்கிறது. நித்தியகல்யாணி இலையை அவித்துக் குடிப்பதோ நஞ்சையே குடிப்பதாகும். நோயுற்ற கலத்தோடு நல்ல கலத்தையும் அது தாக்கும். வைத்தியசாலையில் உடல் எடையும் குருதிப் பரிசோதனையும் பார்த்து, அளந்தே மருந்தேற்றுவது இதனாலேயே. வாரக்கணக்கில் நீடிக்கும் இருமலும் சளியில் இரத்தமும் கண்டவர் கசாயத்தை நம்பிக் காலங்கடத்துவாராயின், அறுவைச் சிகிச்சையால் அகற்றக்கூடிய நிலையிலிருந்த கட்டி அந்நாட்களில் அந்நிலையைக் கடந்துவிடலாம்.