எந்தக் கடதாசியில் இருக்கிறாக்கள்?

தொண்ணூறுகளின் நடுப்பகுதியில், மொன்றியலின் கொற்-டெ-நேஜ் பகுதியில், ஓர் ஆய்வுக்காக வீடு வீடாகச் சென்று வினாக்கொத்து நிரப்பும் வேலை எனக்குக் கிடைத்தது. 'இவ்வீட்டில் வசிப்போர் எத்தனை பேர்?' என்பது மூன்றாவது கேள்வி. கதவைத் திறந்த அம்மா ஒருவர் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டுக் கேட்டார்: "தம்பி, எந்தக் கடதாசியில இருக்கிறாக்களைச் சொல்ல? வீட்டு ஒப்பந்தத்தில நாலு பேர். இமிகிரேசனுக்குக் குடுத்ததில மூண்டு. இரவில படுக்கிறது ஏழு."

நான் நாலு என்று எழுதினேன். அவர் பொய் சொல்லவில்லை. ஆனால் அந்த 'நாலு' பின்னர் கூட்டி வகுக்கப்பட்டு, தமிழ்க் குடும்பமொன்றின் சராசரி அளவாக மாறியிருக்கும்.

இதைச் சொன்னதும் நமது சிறுசஞ்சிகை நண்பர்கள் மகிழ்ந்துவிடக் கூடாது. புள்ளிவிபரம் என்றாலே அதிகாரத்தின் கருவி என்று ஒதுக்கிவிடும் பழக்கம் நம்மிடையே உண்டு. எண்ணப்படாமல் விடப்படுவது அதைவிடக் கொடியது. இலங்கையில் 1981இன் பின் முழுத் தீவையும் உள்ளடக்கிய குடிசன மதிப்பீடு 2012இலேயே நடந்தது. இடையில் முப்பத்தொரு வருடங்கள். 2009இன் தொடக்கத்தில் வன்னியில் எத்தனை பேர் அகப்பட்டிருந்தனர் என்பதே சண்டைக்குரிய விடயமாயிற்று. அரசு எழுபதினாயிரம் அளவில் சொன்னது. முடிவில் முகாம்களுக்கு வந்து சேர்ந்தவர்கள் மட்டும் இரண்டரை இலட்சத்துக்கும் மேல். அரிசியும் மருந்தும் எந்த எண்ணுக்கு அனுப்பப்படும் என்பதில்தான் உயிர்கள் தங்கியிருந்தன. கனடாவிலும், நீண்ட வினாக்கொத்தைக் கட்டாயமாக நிரப்பும் முறையை அரசு 2010இல் கைவிட்டபோது, புள்ளிவிபரத் திணைக்களத் தலைவர் முனீர் ஷேக் பதவி துறந்தார். 2011இல் விரும்பியோர் நிரப்பலாம் என்றாயிற்று. ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கினர் நிரப்பவில்லை. 2016இல் பழைய முறை மீண்டது.

எனினும் எண் சொல்லாதவை உள்ளன. இந்நகரத்து மக்கில் பல்கலைக்கழகத்தில் 1927 முதல் 1938 வரை கற்பித்த எவரெற் ஹியூஸ், ட்றமண்ட்வில் என்ற சிறு தொழில்நகரை ஆராய்ந்தார். ஆலை முகாமைத்துவம் ஆங்கிலேயர் கையில். தறியில் நிற்பவர்கள் பிரெஞ்சுக்காரர். அவர் தொழில்வாரியாக ஆட்களை எண்ணவும் செய்தார். கோயிலடியிலும் தெருவிலும் நின்று கவனிக்கவும் செய்தார். இரண்டும் சேர்ந்ததாலேயே 1943இல் வெளிவந்த அவரது நூல் இன்னும் வாசிக்கப்படுகிறது என்பது எனது எண்ணம். நூலில் ஊருக்குக் 'கன்ரன்வில்' என்று புனைபெயர் இட்டார். நமக்கு அந்தத் திரை போதாது. 'வடமராட்சியைச் சேர்ந்த, முன்னர் ஆசிரியராக இருந்த, பார்க் எக்ஸ்ரென்சனில் கடை நடத்தும் ஒருவர்' என்று எழுதினால் பெயர் வேண்டுமா என்ன?

ஒருவரிடம் பேசி, அவர் காட்டும் மற்றவரிடம் போகும் முறையைப் 'பனிப்பந்து' என்பார்கள் (மொன்றியலில் பனிக்கு என்ன பஞ்சம்!). பட்டியலற்ற, பயந்த ஒரு சமூகத்தை அணுக இதைவிட்டால் வழி குறைவு. ஆனால் எங்கள் பந்து ஊர்ச்சங்கத்துக்குள்ளேயே உருண்டது. முதலில் அறிமுகமானவரின் ஊர், சாதி, அவர் ஒருகாலத்தில் சார்ந்திருந்த இயக்கம் ஆகிய மூன்றும் நாற்பதாவது நேர்காணல்வரை எங்களைத் தொடர்ந்து வந்தன. வினாக்கொத்தில் சாதி பற்றிய கேள்வி இல்லை. 'ஊரில எவடம்?' என்று நான் கேட்டேன், அவர்கள் சொன்னார்கள், இருவருக்கும் விளங்கியது. தாளில் ஒன்றும் பதியப்படவில்லை. உள்ளிருந்து ஆராய்பவன் அறிந்ததைக் கேட்பதில்லை. வெளியாருக்கோ கேட்கத் தெரிவதில்லை.

இவையெல்லாம் நுட்பக் குறைகள். பதிவின் பின்விளைவு வேறு வகையானது. பொஸ்ரன் கல்லூரிக்காக வட அயர்லாந்தின் முன்னாள் ஆயுததாரிகள், தாம் இறக்கும்வரை வெளியிடப்படாது என்ற வாக்குறுதியை நம்பி ஒலிநாடாவில் பேசினர். 2011இல் அழைப்பாணை வந்தது. 2013இல் ஒரு பகுதி பொலிசிடம் போயிற்று. 2014 ஜனவரியில் கியூபெக் மேல் நீதிமன்றம், ஒரு கொலை வழக்கில் பொலிஸ் கேட்ட ஆய்வு நேர்காணலைக் கொடுக்க வேண்டியதில்லை எனத் தீர்ப்பளித்தது. நல்ல தீர்ப்புத்தான். ஆனால் அந்தப் பாதுகாப்பு வழக்குக்கு வழக்கு பார்க்கப்படுவது. முன்கூட்டியே எவருக்கும் உறுதியளிக்க முடியாது. 2006 முதல் விடுதலைப் புலிகள் கனடாவின் தடைப்பட்டியலில் உள்ள நிலையில், 'ஊரில் என்ன செய்தீர்கள்?' என்று கேட்கும் ஆய்வாளர் தன்னால் எதைக் காப்பாற்ற முடியும் என்பதை முதலில் சொல்லியாக வேண்டும்.

அந்த அம்மா கடைசியில் கேட்டது இதுதான்: "இதை ஆர் வாசிப்பினம், தம்பி?" ஒருவரும் இல்லை என்றேன். அவர் கையெழுத்து வைக்கவில்லை. வினாக்கொத்தின் அடியில் 'ஒப்புதல்: வாய்மொழி' என்று நானே எழுதிக்கொண்டு படியிறங்கினேன்.